ஏழு கிலோவுக்குள் ஒரு லேப்டாப்

லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எடை மெஷின் மேல் ஏறி நின்றார் டச்சப். முள் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தை மறைத்தது. குழந்தை கொஞ்சம் நகர்ந்தால் தொப்பை மறைத்தது.

"எவ்வளவு காட்டுது?"

மனைவி குனிந்து பார்த்தாள். "மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. அதுக்கெல்லாம் எடை குறையாது. எண்பத்தொண்ணு."

"அப்ப லேப்டாப் ரெண்டு கிலோ. நான் எழுபத்தொம்பது."

"அது கல்யாணமான புதுசுல."

டச்சப் மெஷினிலிருந்து இறங்கினார்.

டச்சப் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொழில் வைத்த பெயர். மனிதர் பாஸ்போர்ட் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். பரு, மரு, தழும்பு, வழுக்கை, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை என்று எது கேமராவில் விழுந்தாலும் அடுத்த நிமிஷம் கம்ப்யூட்டரில் காணாமல் போய்விடும். பாதி ஊர் அவர் கையால் படம் எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கிறது. போன இடத்தில் அதிகாரிகள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க பையன் படத்தை எதுக்குக் கொண்டு வந்தீங்க?" என்று கேட்டதாகவும் பேச்சு உண்டு.

இத்தனை பேரை அனுப்பி வைத்தவர், தான் மட்டும் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதில்லை. ஸ்டுடியோவின் பின்பக்கத் திரையில் நீல மலை ஒன்று வரைந்திருக்கும். அவர் பார்த்த ஒரே மலை அதுதான்.

அப்படிப்பட்டவரைத் தேடி விசில் டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயதானவர்களைச் சின்ன பஸ்ஸில் ஏற்றி மலைப் பிரதேசங்களுக்கு அழைத்துப் போகிறார். கழுத்து விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"டூர் கிளம்பின அன்னிக்கே ஒவ்வொருத்தரையும் முகம் தெரியற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும். மறுநாள் காலையில வண்டி கிளம்பறதுக்குள்ள எல்லாம் என் போனுக்கு வந்துடணும். இந்த டிரிப் சரியா பண்ணுங்க, வருஷம் பூரா எல்லா டிரிப்புக்கும் நீங்கதான். சொதப்பினீங்க, இதோட சரி."

"சரிங்க டீச்சர்."

"இன்னொண்ணு. பஸ் சின்னது, மலை பெரிசு. சாமான் ஆளுக்கு ஏழு கிலோதான். கூடினா பையோட சேர்த்து உங்களையும் இறக்கி விட்டுடுவேன்."

கேமராவும் லென்சுமே நாலு கிலோவை விழுங்கிவிட்டன. மிச்சமிருந்த மூன்றுக்குள் இரண்டு சட்டையும், மானம் காக்கும் இதர துணிகளும், டச்சப் செய்ய ஒரு லேப்டாப்பும் அடங்க வேண்டும். ஸ்டுடியோவில் இருந்த கம்ப்யூட்டரோ பீரோவுக்கு அண்ணன்.

அதனால்தான் மைத்துனன் வரவழைக்கப்பட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் உள்ள எல்லாப் பிரச்சினைக்கும் அவனிடம் காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"லோடு மாமா, லோடு! லோடு கூடினா எதுவும் மேல ஏறாது. லைட்டா ஒண்ணு வாங்கிடலாம்."

அப்படி வாங்கியதுதான் எடை மெஷினில் ஏறி இறங்கிய அந்தக் குழந்தை. ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் டச்சப் அதைத் திறந்தார்.

கலர் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு சொந்த முறை இருந்தது. மனைவியின் போட்டோவைத் திரையில் போட்டு, பக்கத்தில் மனைவியையே உட்கார வைத்து, இரண்டையும் ஒப்பிடுவது. இருபது வருஷம் தொழில் செய்தவருக்கு இதில் உள்ள ஆபத்து தோன்றவே இல்லை என்பதுதான் ஆச்சரியம்.

திரையில் மனைவி நிலா வெளிச்சத்தில் பால் குடித்தவள் போல் மின்னினாள்.

"ரொம்ப வெளுப்பா காட்டுது. தப்பான ஸ்கிரீன்," என்றார் டச்சப்.

"எது தப்பு? நான் இப்படித்தான் இருக்கேன்," என்றாள் மனைவி. "நீங்க என்னைச் சரியா பார்த்ததே இல்ல. லேப்டாப் பார்த்திருக்கு."

அந்த வழக்கு தீர்வதற்குள் அடுத்தது வந்தது. கேமரா கார்டைச் சொருக லேப்டாப்பில் இடமே இல்லை. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று சோப்புக்கட்டி மாதிரி இருந்தது.

"மாப்ளே, கார்டை எங்க சொருகுறது?"

"இப்பல்லாம் ஓட்டை வைக்கிறதில்ல மாமா. தனியா ஒரு டப்பா வரும், அதுல சொருகணும்."

டப்பா வந்தது. டப்பாவுக்கு ஒரு வயர் வந்தது. படங்களைச் சேமிக்க உள்ளே இடம் போதாதென்று தனியாக ஒரு டிஸ்க் வந்தது. டிஸ்குக்கு உறை, உறைக்கு ஒரு பை, அத்தனைக்கும் கரண்ட் கொடுக்க ஒரு சார்ஜர். குழந்தை இரண்டு கிலோ, அதன் பால் புட்டியும் தொட்டிலும் மூன்று கிலோ. பையில் சட்டைக்கு இடமில்லாமல் போனது. வேட்டியோடு வெற்று மார்பாக மலையேறும் காட்சி டச்சப்பின் மனக்கண்ணில் தோன்றி மறைந்தது.

திருப்பிக் கொடுக்கப் போனார்கள். கடைக்காரம்மா பொறுமைசாலி.

"எடிட்டிங்னு முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இதைப் பாருங்க. கம்ப்யூட்டர்ல சண்டை விளையாட்டு ஆடறவங்களுக்குன்னே வந்தது. எத்தனை ஓட்டை வேணும் உங்களுக்கு?"

அதில் எல்லா ஓட்டையும் இருந்தது. எலி குடித்தனம் நடத்தலாம். வீட்டில் ஆன் செய்ததும் எழுத்துக் கட்டைகள் சிவப்பாய், பச்சையாய் எரிந்தன. காற்றாடி சுழன்று விமானம் கிளம்புகிற சத்தம் வந்தது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "தண்ணி மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவி திரையில் தக்காளி நிறத்தில் இருந்தாள்.

"ஏங்க, எனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்றாள், படத்தைப் பார்த்து. இரண்டாம் முறை பார்த்ததும் கோபம் நிஜமாகவே வந்துவிட்டது.

பேட்டரி அதைவிட மோசம். அவள் திட்ட ஆரம்பித்த ஒரு வாக்கியம் முடிவதற்குள் அணைந்துவிட்டது. எடையோ, மைத்துனனே தூக்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதை ஏத்தினா லிஃப்ட் கதவே சாத்தாது," என்றான்.

மறுபடியும் கடை. இந்த முறை கடைக்காரம்மா அவரைப் பேசவே விடவில்லை. உள்ளே போய், ஒருவர் உபயோகித்துத் திருப்பிக் கொடுத்த லேப்டாப் ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்தார். பார்க்கச் சுமாராக இருந்தது. ஒன்றரை கிலோ. கார்டு சொருக இடம் இருந்தது. சத்தம் இல்லை. பேட்டரி நாள் முழுக்க நின்றது. ஸ்டுடியோவில் இருந்த எடிட்டிங் புரோகிராமை அதில் ஏற்றினார், பூனை மாதிரி சமர்த்தாக ஓடியது.

மனைவியின் படத்தைப் போட்டார். பக்கத்தில் மனைவி. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அச்சு அசல்!" என்று கூவினார். "அப்படியே நீதான்! மூக்குக்குப் பக்கத்துல அந்தக் கருப்பு, கன்னத்துல அந்தப் பள்ளம், நெத்திச் சுருக்கம் நாலும் தனித்தனியா..."

வீட்டில் ஒரு நிசப்தம் விழுந்தது. மாடி வீட்டுக்காரருக்குக் கூடக் கேட்டிருக்கும்.

"இதுவா நான்?"

"இல்ல, அது வந்து..."

"அந்த முதல் லேப்டாப்புக்குத் தெரிஞ்ச மரியாதை, கட்டின புருஷனுக்குத் தெரியல."

அதற்குப் பிறகு அவளோடு நடந்த பேச்சுவார்த்தை எல்லாம் மைத்துனன் வழியாகவே நடந்தது. ஒரே அறையில் இருந்துகொண்டே, "சாப்பாடு ஆறிப்போகுதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லு," என்பாள். டூர் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த லேப்டாப் வீட்டை விட்டுப் போக வேண்டும், இல்லை அவர் போக வேண்டும் என்கிற நிலைமை.

மைத்துனன் சமாதானத் தூதுவன் ஆனான். "ஒரு ராத்திரி எங்கிட்ட கொடுங்க மாமா. அக்காவை அழகாக்கித் தர்றேன். அப்படியே லேப்டாப்பையும் லைட்டாக்கிடறேன்."

மறுநாள் காலை திரையில் மனைவி மறுபடி நிலாவாய் ஜொலித்தாள். வீட்டில் பேச்சுத் திரும்பியது. ஏழு கிலோவுக்கு ஒரு கைக்குட்டை குறைவாகப் பை நின்றது. டச்சப் லேப்டாப்பைச் சந்தோஷமாக மூடிப் பையில் வைத்தவர், மலை மேல் தங்கிய விடுதியில்தான் மறுபடி திறந்தார்.

அன்று பகல் முழுக்க ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் படம் எடுத்திருந்தார். கூட்டத்தில் எல்லாரும் எழுபதைத் தொட்டவர்கள். பின் சீட்டில் ஒரு பெரியவர், பேசாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாரும் அவரைச் சித்தப்பா என்றார்கள். யாருக்குச் சித்தப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் முகம் ஒன்றே ஒரு வார வேலை. நெற்றியில் சுண்டைக்காய் அளவு மரு. ஒரு புருவம் புதர், ஒரு புருவம் பொட்டல். காதுமடலில் ஒரு வெட்டு.

டச்சப் விரலைச் சொடுக்கிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தார். எடிட்டிங் புரோகிராமைத் தேடினார். காணோம். மேலே தேடினார், கீழே தேடினார். சீட்டாட்டம் ஒன்று மட்டும் அநாதையாக உட்கார்ந்திருந்தது.

நாற்காலி மேல் ஏறி நின்றால்தான் அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்கும். ஏறினார்.

"மாப்ளே! எடிட்டிங் எங்கடா?"

"எது மாமா?"

"அந்தப் பெரிய புரோகிராம்!"

"ஓ, அதுவா? பாதி இடத்தை அதுவே அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. லிஃப்ட்ல அப்படி ஒருத்தர் நின்னா நான் முதல்ல அவரைத்தான் இறக்குவேன். தூக்கிட்டேன்."

"அதுக்குத்தானேடா லேப்டாப்பே வாங்கினேன்!"

"அப்படியா?" மைத்துனன் கொஞ்சம் யோசித்தான். "சரி, இப்ப லைட்டா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

டச்சப் நாற்காலியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சிக்னல் கிடைத்தாலும் புரோகிராமைத் திரும்ப இறக்க அந்த மலையே போதாது. வேறு வழியில்லை. தொழிலுக்கு வந்த நாளாக இல்லாத வழக்கமாய், ஒரு மருவைக்கூடத் தொடாமல், ஒரு பல் இடைவெளியைக்கூட அடைக்காமல், அத்தனை முகங்களையும் கடவுள் கொடுத்தபடியே விசில் டீச்சரின் போனுக்கு ஏற்றிவிட்டார்.

காலையில் டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சித்தப்பாவின் படத்தில் விரல் நின்றது. இரண்டு விரலால் மருவைப் பெரிதாக்கிப் பார்த்தார். அப்புறம் டச்சப்பைப் பார்த்தார்.

"ம்," என்றார். விசில் ஊதினார். வண்டி கிளம்பியது.

அந்த ஒற்றை 'ம்' டச்சப்பின் வயிற்றில் ஏழு கிலோவாய் இறங்கியது. சாயங்காலம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்கள். ஜன்னலுக்கு வெளியே நிஜ மலை ஒன்று மேகத்தைத் துண்டாகப் போட்டுக்கொண்டு நின்றது. ஸ்டுடியோத் திரையில் இருந்ததை விட நீலம் கம்மி. ஆனால் பெரிசு. திரும்பி வர வாய்ப்பில்லை, இப்போதே பார்த்துக்கொள்வோம் என்று கண் இமைக்காமல் பார்த்தார்.

மத்தியானம் ஒரு கடைத்தெருவில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். திரும்ப ஏற்றும்போது ஓர் ஆள் குறைந்தது.

"சித்தப்பா எங்க?"

விசில் ஊதினார்கள், கூப்பிட்டார்கள், பதிலில்லை. கூட்டம் கலவரப்பட்டது. டீச்சர் மட்டும் பதறவில்லை. போனை எடுத்துச் சித்தப்பா படத்தை எல்லாருக்கும் தட்டிவிட்டார். "ஆளுக்கு ஒரு தெரு. படத்தைக் காட்டிக் கேளுங்க. ஓடுங்க!"

டச்சப்பும் ஓடினார். செருப்புக்கடை, பழக்கடை, மருந்துக்கடை. பழக்கடைக்காரி படத்தைப் பார்த்த மாத்திரத்தில், "இந்தப் புருவமா? இப்பத்தான் எதிர்ல சலூனுக்குள்ள போச்சு," என்றாள்.

சலூனில் முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தது ஓர் உருவம். ஆனால் நுரைக்கு மேலே மரு இருந்தது. புதரும் பொட்டலும் இருந்தன. துண்டை விலக்கினால் காதில் வெட்டும் இருந்தது.

"சித்தப்பா! வாங்க, வண்டி நிக்குது!"

பெரியவர் நுரைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு விட்டார். "மறுபடியுமா?" என்றார். பிறகு பாதி மழித்த கன்னத்தோடு சமர்த்தாக எழுந்து வந்தார்.

வண்டியருகே டீச்சர் டச்சப்பின் தோளில் ஒரு தட்டு தட்டினார். பந்தயத்தில் ஜெயித்தவனைத் தட்டுகிற தட்டு. "படம்னா இது படம்! எல்லா டிரிப்புக்கும் நீங்கதான். அடுத்தது கடல் பக்கம் போறோம்."

டச்சப்புக்குக் கால் தரையில் பாவவில்லை. வயிற்றிலிருந்த ஏழு கிலோவும் கரைந்து, எழுபத்தொம்பதுக்கே வந்துவிட்டது போல் இருந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

"வேலை நிலைச்சிடுச்சு! கடலுக்குக் கூப்பிடறாங்க!"

"அப்பாடா!" என்றாள் அவள். உடனே, "எல்லாரையும் அழகா காட்டினீங்கதானே? என்னைக் காட்டின மாதிரி காட்டலையே?"

"சிக்னல் கிடைக்கல," என்று வைத்துவிட்டார்.

சந்தோஷத்தில் முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல்.

"எனக்கே கொஞ்சம் வெட்கமா இருக்கு டிரைவர். டச்சப்பே பண்ணாம கொடுத்த படத்துக்கு இவ்வளவு மரியாதையா? கடலுக்குப் போறப்ப பாருங்க, ஒவ்வொரு முகத்தையும் நல்லா பண்ணித் தர்றேன்."

டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயோ சார், அதை மட்டும் பண்ணிடாதீங்க! போன டிரிப்ல ஒருத்தர் காணாமப் போனப்ப, டச்சப் பண்ணின படத்தை வெச்சுத் தேடித்தான், ஆள் மாத்தி இந்தச் சித்தப்பாவைப் பிடிச்சுட்டு வந்தோம்!"