சிவப்பு வண்டியில் ஹிகுராஷி

மூன்றாவது முறையாக வண்டி குலுங்கி நின்றபோது பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டது.

"ஆகா, என்ன நிதானம்!" என்றார் பக்கத்து இருக்கையில் இருந்த அகுத்சு. பழைய கார் விற்பவர். வாடிக்கையாளர் தன் தலையில் கல்லைப் போட்டால்கூட, குறி தப்பாமல் போட்டதற்காகப் பாராட்டக்கூடிய மனிதர்.

"கிளட்ச் எனக்குப் பழக்கமில்லாத மாதிரி இருக்கு," என்றார் ஹிகுராஷி.

"பழகப் பழகத்தானேங்க ஐயா. இன்னொரு தடவ சாவியத் திருப்புங்க."

தகாசாகி நகரக் குடிநீர் அலுவலகத்தில் துணை மேலாளரான ஹிகுராஷி யசுஹிகோவின் ஓட்டுநர் உரிமத்தில் தங்க நிறப் பட்டை உண்டு. பல வருடம் ஒரு தவறும் செய்யாதவர்களுக்கு அரசாங்கம் தரும் மரியாதை அது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை என்பதால் தவறு செய்ய வாய்ப்பு அமையவில்லை. பட்டை மட்டும் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் பளபளவென்று வந்துகொண்டிருந்தது.

வீட்டில் ஓட்டுவது மனைவி சதோமி. மிட்டாய் டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போல ஒரு சின்ன வண்டி. கடைக்கோ பல் டாக்டரிடமோ எங்கே போனாலும் இவர் இடப்பக்கம், மடியில் அவள் பையோடு. "கால மடக்குங்க." "வழி சொல்ல ஆரம்பிக்காதீங்க, தூக்கம் வருது." இப்படியே முப்பது வருடம்.

அவர் கேட்டது அதிகமில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டே இருக்கை கொண்ட ஒரு சிவப்பு வண்டியில், கியரைத் தானே மாற்றித் தானே ஓட்டி, பையை அவள் மடியில் வைத்து, குசாட்சு வெந்நீர் ஊற்றுவரை போக வேண்டும். அவள் வாயடைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த நினைப்பிலேயே மனிதர் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்டி ஒருவழியாக நகர்ந்தது. போன மானத்தை மீட்க ஹிகுராஷி ஒரு காரியம் செய்தார். பொய் சொன்னார்.

"சின்ன வயசுல மலைப்பாதையிலயே ஓட்டினவன் நான். சமதரை எனக்கு ஒத்துக்காது."

"அடடா, முதல்லயே சொல்லக்கூடாதா! அப்ப ஹருனா மலைப்பக்கம் விடுங்க. வலது பக்கம் திரும்புங்க."

"இன்னிக்கேவா?"

"மலைய நாளைக்கு எங்கயும் நகத்தப் போறதில்லீங்க. ஆனா வந்தது வந்தோம்."

ஏற்றத்தில் ஒரு நிறுத்தக் கோடு. பின்னால் கொன்யாக்குக் கிழங்கு ஏற்றிய லாரி வந்து நின்றது. ஹிகுராஷி பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். வண்டி யோசித்துவிட்டுப் பின்பக்கமாகப் புறப்பட்டது.

லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "யோவ் பெரியவரே! மலை அந்தப் பக்கம்யா!"

அகுத்சு பாய்ந்து கைப்பிரேக்கை இழுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் தொழில் பக்தி விடவில்லை. "பின்னாடி போறதுலயும் உங்களுக்கு ஒரு தனி லாவகம் இருக்குங்க," என்றார்.

"வண்டியில கோளாறு இருக்கு. டயரப் பாத்தேன், ஓரமெல்லாம் தேஞ்சு கெடக்கு. எவனோ திமிர் பிடிச்ச பையன் வச்சு வெளுத்திருக்கான்."

"அப்படீன்னா விட்டுரலாங்க ஐயா. டப்பா வண்டி ஒண்ணு இருக்கு, கியரே கிடையாது, உங்களுக்குப் பொருத்தமா..."

டப்பா என்ற சொல் நேராக நெஞ்சில் குத்தியது.

"இதையே எடுத்துக்கறேன்," என்றார் ஹிகுராஷி.

வாங்குவது சுலபம். வைப்பதற்கு இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும், அதில்தான் சிக்கல். அது இல்லாமல் வண்டி பெயருக்கு வராது. வீட்டு வாசலில் இருந்த ஒரே இடத்தில் சதோமியின் டப்பா நின்றது. பக்கத்து வீட்டில் கேட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரியும், சதோமிக்கு மத்தியானமே தெரியும்.

"கவலய விடுங்க," என்றார் அகுத்சு. "உங்க வீட்லேர்ந்து நடக்கிற தூரம்தான், உசுய் அம்மான்னு ஒருத்தங்க தோட்டத்த ஒட்டி இடம் வாடகைக்கு விடறாங்க. நான் பேசிக்கறேன்."

மறுநாளே போன் வந்தது. "உங்க பேரச் சொன்னதுமே சம்மதக் கடுதாசில முத்திரை குத்திட்டாங்க! 'ஹிகுராஷி வீடா? தாராளமா'ன்னாங்க."

குடிநீர் அலுவலகத்துக்கு ஊரில் இன்னும் மதிப்பு இருக்கிறது என்று ஹிகுராஷி புளகாங்கிதம் அடைந்தார்.

அடுத்த சிக்கல், ஓட்டிப் பழகச் சனிக்கிழமைகளில் வீட்டைவிட்டு நழுவுவது. "உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னார். இனிமே சனிக்கிழம நடக்கப் போறேன்," என்றார் சதோமியிடம்.

தடுப்பாள் என்று மூன்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தார். ஒன்றும் தேவைப்படவில்லை.

"ரொம்ப நல்லது," என்றாள் அவள். "சுருக்கா வந்துராதீங்க. நல்லா தூரமா நடங்க."

தன் ஆரோக்கியத்தில் மனைவிக்கு இவ்வளவு அக்கறையா என்று அவருக்குக் கண்கூடக் கலங்கியது. பாவம், அவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று வழியெல்லாம் வருந்திக்கொண்டே வண்டியை வாங்கப் போனார்.

அகுத்சு சிவப்பு வண்டியை உசுய் அம்மாவின் இடத்து வாசலுக்கே கொண்டுவந்திருந்தார். காலி இடம் ஒன்று. அதற்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் போர்வை மூடிய இன்னொரு வண்டி.

"நானே உள்ள விட்டுடறேங்க ஐயா. கொஞ்சம் குறுகலான இடம்."

"என் வண்டி. நான் விடுவேன்."

"மூடியிருக்கிற வண்டி யாரோடதோ. அதுக்காகச் சொல்றேன்."

"இங்க பாருங்க, நான் மலைப்பாதையில..."

"தெரியுங்க. நானும் கூட இருந்தேன்."

ஹிகுராஷி உட்கார்ந்தார். பின்னால் போவதுதான் அவருக்கு இயல்பாகவே கைவந்த கலையாயிற்றே. கியரைப் போட்டார். வண்டி துள்ளியது. பிரேக் என்று நினைத்து வேறொன்றை மிதித்தார். போர்வைக்குள்ளிருந்து கண்ணாடி நொறுங்கும் சத்தம் வந்தது.

அகுத்சுவுக்கு முதல்முறையாகப் பாராட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டு உசுய் அம்மா கையில் முள்ளங்கியோடு தோட்டத்திலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டியவர். சிவப்பு வண்டியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், இடுப்பு ஒடிய வணங்கி நின்ற ஹிகுராஷியைப் பார்த்தார்.

"பெரிய தப்பு நடந்துபோச்சும்மா," என்றார் ஹிகுராஷி. "முழுச் செலவும் என்னுது. நல்ல இனிப்புப் பெட்டியா வாங்கிட்டு, நேரா அவங்க வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேக்கறேன். ஒரே ஒரு உதவி. இந்த விஷயம் என் சம்சாரம் காதுக்கு மட்டும் போகக்கூடாது. வண்டிக்காரர் வீடு எங்கன்னு சொல்லுங்க, இப்பவே கிளம்பறேன்."

உசுய் அம்மா போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். உள்ளே கறுப்பாக, தாழ்வாக, இன்னும் கோபமான முகத்தோடு ஒரு பந்தய ரக வண்டி.

"எங்க கிளம்பறீங்க, உங்க வீட்டுக்கேவா?" என்றார் உசுய் அம்மா. "இது உங்க வீட்டம்மாவோடதுதானே! போன மாசம் வரைக்கும் இந்தச் சிவப்பத்தான் இங்க வச்சிருந்தாங்க. மலையில ரொம்ப மெதுவா போகுது, வயசானவங்களுக்குத்தான் லாயக்குன்னு சொல்லி வித்துட்டாங்க."