மூன்று பென்டிரைவும் பன்னிரண்டு வார்த்தையும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். நீங்கள் நலமா என்று இப்போது கேட்கவில்லை. கடிதத்தை நீங்கள் படித்து முடித்த பிறகு கேட்பதுதான் முறை. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கப்பலேறும் முன் உங்கள் பழைய கம்ப்யூட்டரை எங்களிடம் விட்டுவிட்டு, "மாமா, வீடு வாங்கச் சேர்த்த பணமெல்லாம் கிரிப்டோ நாணயமா இதுல ஒரு வாலட் ஃபைல்ல இருக்கு. மூணு காப்பி எடுத்து மூணு இடத்துல வச்சிருங்க" என்றீர்கள். முப்பத்திரண்டு வருடம் ஆவணக் காப்பறையில் இருந்தவனுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். திரையில் வாலட் என்று பெயர் போட்டிருந்த படத்தை மூன்று பென்டிரைவில் ஏற்றினேன். மூன்றும் ஒரே அளவு என்று ஒப்பிட்டும் பார்த்தேன். எண் போட்டு, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, ஒன்றைப் பீரோவிலும் ஒன்றை வங்கி லாக்கரிலும் ஒன்றை என் தங்கை வீட்டிலும் வைத்தேன். சரிபார்த்த நகல் மூன்று இருந்தால் மூலத்தை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் காப்பறை விதி. அதன்படி கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னேன். "சார், நல்லா யோசிச்சீங்களா?" என்றார். மூன்று நகலையும் பதிந்திருந்த பதிவேட்டைக் காட்டினேன். துடைத்தார். ஒரு முறை போதாது, மூன்று முறை என்றேன்; அதையும் செய்தார்.

போன வாரம் காலாண்டுத் தணிக்கைக்காக முதல் உறையைப் பிரித்தேன். பென்டிரைவில் இருந்த படத்தை எத்தனை தட்டினாலும் திறக்கவில்லை. தங்கை வீட்டுக்கு ஓடினேன், வங்கிக்கு ஓடினேன், மூன்றும் அப்படியே. கடைக்காரர் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"சார், நீங்க காப்பி எடுத்தது ஃபைல் இல்ல, ஷார்ட்கட். வீட்டுக்கு வழி காட்டற பலகை மாதிரி. பலகையை மூணு இடத்துல பத்திரமா வச்சுட்டு வீட்டை இடிச்சுட்டீங்க."

உங்கள் மாமியார் அடுக்களையிலிருந்து, "கல்யாண ஆல்பத்தை இவர் கையில குடுக்காம நான் ஏன் வச்சிருக்கேன்னு இப்பத் தெரியுதா?" என்றாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

மூன்றாம் நாள் கடைக்காரரே வழி சொன்னார். வாலட் தொடங்கும்போது பன்னிரண்டு ஆங்கில வார்த்தை கொடுப்பார்களாமே, அது இருந்தால் ஃபைலே வேண்டாமாம், எல்லாம் திரும்ப வந்துவிடுமாம். எனக்கு உயிர் வந்தது. கம்ப்யூட்டரோடு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன துண்டுச்சீட்டு அதுதானே! கோழி கிளறிய எழுத்து, வார்த்தைகளும் தாறுமாறாக. ஆகவே நீங்கள் கொடுத்த அன்றைக்கே அவற்றை அகராதி வரிசையில் அழகாகப் படியெடுத்து, லேமினேஷன் போட்டு, கிறுக்கலைக் கிழித்துவிட்டேன். ஆகையால் கவலை வேண்டாம்.

கடலிலும் கரையிலும் உங்களுக்கு ஒரு குறையும் வராதிருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது கடைக்காரர் போன் செய்தார். "சார், சொல்ல மறந்துட்டேன், அந்த வார்த்தைங்க வரிசை மாறவே கூடாது" என்றார். மாறியிருந்தால் என்றேன். கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, பன்னிரண்டு வார்த்தையை நாற்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சம் விதமாக அடுக்கலாம் என்றார். உங்கள் மாமியார் வாசிக்க, நான் அடித்துப் பார்த்து வருகிறேன். இதுவரை நாற்பத்தொன்று முடிந்தது. முதல் வார்த்தை மட்டுமாவது உங்களுக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுதவும். நாலு கோடியில் முடித்துவிடலாம்.