ரோசிக்குத் தெளித்த தீர்த்தம்

டாக்டர் பேச்சை எழுத்துப் பிசகாமல் கேட்டு ஊரைக் கெடுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எரியோடு ஊருக்குப் பக்கத்தில் நான் வெள்ளைப் பன்றி வளர்த்த காலத்துக் கூத்து இது. (பத்து நாள் பயிற்சிக்குப் போய் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அந்தத் திமிரை என்னவென்று சொல்ல!)

ஒட்டன்சத்திரம் பக்கம் போய் ஒரு கிடாப் பன்றி வாங்கினேன். "ஒரு நோவு நொடி இல்லீங்க" என்று விற்றவர் சொல்லும்போதே அது இருமியது. வெறும் புழுதி என்று நானே அதற்கு வக்காலத்து வாங்கினேன். புதிதாக வந்ததை ஒரு மாதம் தனியே கட்டவேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். தனிக் கொட்டடியில் வெங்காயம் கிடந்தது. அதை யார் அள்ளுவது? சினைப் பன்றிகள் இருந்த கொட்டகையிலேயே விட்டேன்.

மூன்றாவது வாரம் கொட்டகை முழுக்க இருமல். ஆறு சினைகளில் ஐந்து, நாள் நிறையும் முன்பே குட்டி போட்டன. பாதி செத்தே பிறந்தன. மீதி மூச்சுக்குத் தவித்துச் செத்தன. வாரிப் புதைத்துவிட்டு அழுதேன். மிச்சம் இருந்த சினைப் பன்றி ரோசி ஒருத்திதான். அவளும் போனால் பண்ணைக்குப் பூட்டு.

கால்நடை டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். "கருவையும் நுரையீரலையும் சேத்து அடிக்கிற வைரஸ் மாதிரி தெரியுதும்மா. மருந்து கிடையாது. இங்கேருந்து ஒரு பன்னிகூட வெளிய போகக் கூடாது, புரியுதா?"

"புரியுது சார்" என்றேன்.

அந்த வாரம்தான் வனத்து அந்தோணியார் பொங்கல். கோயில் வாசலில் ஆடு மாடுகளுக்குத் தீர்த்தம் தெளிப்பார்கள். புனிதரின் காலடியில் ஒரு பன்றி நிற்கும் என்பதால், பன்றி வளர்க்கிற எங்களுக்கு அவர்மேல் தனி உரிமை. ரோசியைக் கொண்டுபோக வழியில்லை. ஆனால் தீர்த்தம் உள்ளே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லையே!

கோயில் உபதேசியாரைத் தீர்த்தச் செம்போடு அழைத்து வந்தேன். அவர் பின்னால், ஊரில் பன்றி வளர்த்த நாலு பேரும் வந்தார்கள். பக்தி பாதி, வேடிக்கை பாதி. பள்ளிக்கூட வாத்தியாரான என் வீட்டுக்காரர் வாசலிலேயே முனகினார்.

"செலின், இம்புட்டுப் பேரும் உள்ள போகணுமா?"

"பன்னியா வெளிய போகுது? மனுசங்கதான உள்ள வாராங்க. பேசாம மெழுகுவத்தியப் பிடிங்க."

பக்கத்துத் தோட்டத்து ஆரோக்கியம் அண்ணன் ரோசியின் வயிற்றைத் தடவினார். "பயப்படாத தங்கச்சி, குட்டி அசையுது." பிறகு எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுவிட்டு, என் கொட்டகையை மிதித்த காலோடு அவரவர் பன்றிக்குத் தீனி போடப் போனார்கள்.

ரோசி ஐந்து குட்டிகளை உயிரோடு போட்டாள். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அந்த நாலு கொட்டகையிலும் இருமல் கேட்டது.

"புத்தி எங்கம்மா போச்சு?" என்று டாக்டர் கத்தினார். "அது கால்லயும் கையிலயும் ஒட்டிக்கிட்டுப் போகும்மா! மருந்துத் தண்ணில கால நனைக்காம இனி எவரும் எந்தக் கொட்டகைக்குள்ளயும் போகக் கூடாது."

ஆரோக்கியம் அண்ணனுக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பன்றியே வேண்டாமென்று நத்தம் ரோட்டில் செல்போன் கடை வைத்தார்.

போன மாதம் எங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனோம். என் தலையைக் கண்டதும் வழக்கம்போல வாசலுக்கு ஒரு வாளித் தண்ணீர் வந்தது. பினாயில் நெடி வேறு. "கால நனைச்சுட்டு வா தங்கச்சி" என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் முதல் ஆளாகக் காலை விட்டு, "நான் அன்னைக்கே சொன்னேண்ணே" என்றார்.

நான் எல்லோரிடமும் வாய்க்கு வாய் பேசுகிறவள். அந்த வாளிக்கு மட்டும் அடங்கியவள். புடவையைத் தூக்கிக்கொண்டு காலை விட்டேன்.