ஆறு குளிர்காலமாகப் புறப்பட்ட வேன்

ஆயத்தப் பேர்வழி என்று ஒரு மனித இனம் உண்டு. ஏதோ அருகிப்போன இனம் என்று நினைத்துவிடாதீர்கள். தெற்கு ஜெர்மனியில், எங்கள் ஆல்கோய் மலைப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். அக்டோபரில் மலையுச்சி லேசாக வெளுத்ததும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு வாசலில் வேன் நிற்கும். அதன் பக்கக் கதவு திறந்திருக்கும். உள்ளேயிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களைப் பார்த்து, "என்ன, இந்த வருஷமாவது பனிச்சறுக்குக்குக் கெளம்பிடுவீங்களா?" என்று கேளுங்கள். கால்கள் பதில் சொல்லும்.

"இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி!"

அவ்வளவுதான். இனம் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சோம்பேறி சனிக்கிழமை ஒன்பது மணி வரை தூங்குவான். இவர் ஐந்து மணிக்கே எழுந்து, கையில் முழநீளப் பட்டியலோடு, கூரைக்கும் தகரத்துக்கும் இடையே ஆட்டு ரோமம் அடைப்பதா, கறுப்பு ரப்பர் பஞ்சு ஒட்டுவதா, தண்ணீர்த் தொட்டி படுக்கைக்கு அடியிலா, பின்சக்கரத்துக்கு மேலா, ஹீட்டரின் சூடான காற்றை ஒரு குழாயில் பூட்ஸ் காயப்போடும் இடத்துக்கும் இன்னொரு குழாயில் பேட்டரிக்கும் பிரித்து விட்டால் கால்மாட்டுக்கு மிச்சம் ஏதாவது வருமா என்றெல்லாம் யோசித்து யோசித்து, போன சனிக்கிழமை மாட்டியதை இந்தச் சனிக்கிழமை கழற்றிவிடுவார். பிறகு மறுபடி மாட்டுவார். இதில் பனிச்சறுக்கு எங்கே வருகிறது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் ரோஸ்வித்தாவும் கேட்டாள்.

ரோஸ்வித்தா, எங்கள் எதிர்வீட்டு வெண்டலினின் மனைவி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. சின்ன வயதில் மாவட்ட அணிக்காகப் பனிச்சறுக்குப் பந்தயம் ஓடியவள். வெண்டலின் நில அளவைத் துறையில் வேலை செய்கிறார். அந்த உத்தியோகம் எப்படிப்பட்டதென்றால், மனிதரிடம் "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் மில்லிமீட்டரில் பதில் வரும், "எப்போ போறோம்?" என்று கேட்டால்தான் பதிலே வராது.

ஆறு வருடத்துக்கு முன்னால் பார்சல் கொண்டுபோய்ப் போட்டுப் போட்டு ஓய்ந்த பழைய மஞ்சள் வேன் ஒன்றை அவர் வாங்கினார். "மலையடிவாரத்துல வண்டிய நிறுத்துறோம், அங்கயே தூங்குறோம், காலைல கண்ணத் தொறந்தா மலைமேல ஏத்திவிடுற லிஃப்ட்!" என்று தெருவெல்லாம் சொன்னார். ரோஸ்வித்தா அன்றைக்கே திரைச்சீலைக்குத் துணி எடுத்துவிட்டாள். முதல் குளிர்காலம் தரைப்பலகையில் போனது. இரண்டாவது, ஜன்னலில். மூன்றாவது குளிர்காலத்தில் எல்லாம் முடிந்து, புறப்படுகிற நாளுக்கு முதல் நாள், எடை போட்டுப் பார்க்கிறேன் என்று வேனைக் கால்நடைத் தீவனக் கிடங்கின் எடைமேடைக்கு ஓட்டிப்போனார். எங்கள் ஊர்ச் சட்டப்படி மூன்றரை டன்னுக்கு மேல் போனால் அவருடைய உரிமம் செல்லாது. முகம் வெளுத்துத் திரும்பி வந்தவர், வேனிலிருந்த ஒவ்வொரு சாமானையும் இறக்கிக் குளியலறை எடைக்கருவியில் வைத்தார். நான் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தேன்.

"ரோஸ்வித்தா, ப்ளம் ஜாம் ரெண்டு பாட்டில் வச்சிருக்கே. ஒண்ணே முக்கால் கிலோ!"

"உன் கருவிப் பெட்டி எவ்வளவு?"

"அது வேணும்ல."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"பதினாலு," என்றார் மனிதர், மெதுவாக.

அந்த வருடமும் போகவில்லை. மரக்கட்டிலைப் பிரித்து எடை குறைந்த அலுமினியத்தில் கட்ட வேண்டியதாகிவிட்டது.

இப்படியே போயிருந்தால் இது வெறும் கேலிக் கதைதான். ஆனால் ஆறாவது குளிர்காலத்துக்கு முன்னால் ரோஸ்வித்தாவின் வலது முட்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு மாற்று அறுவை செய்யத்தான் வேண்டும் என்று மார்ச் ஒன்பதாம் தேதியைக் குறித்துக் கொடுத்தார். அதுவரை சறுக்கலாமா என்று கேட்டாளாம். "மெதுவா, நல்ல சரிவா பாத்து, வலிச்சா நிறுத்திடுங்க. அப்புறம் எப்படியிருக்கும்னு இப்போ என்னால சொல்ல முடியாது" என்றாராம்.

அன்று அவள் வெண்டலினிடம், "இந்த ஜனவரி," என்றாள். அவ்வளவுதான். வெண்டலினுக்கும் கண் கலங்கியது. பேர்வழிக்கு மனசில்லை என்று நான் எங்கே சொன்னேன்? அவருக்கு மனசெல்லாம் அந்த வேனில்தான். அவளுக்கு ஒரு துளி குளிர்கூடப் படக்கூடாது என்றுதான் மனிதர் அப்படி மாய்ந்தார்.

ஜனவரி வந்தது. நல்ல பனி. வெண்டலின் வேனைத் துடைத்து மினுக்கி, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இடதுபக்கச் சுவர்ப் பலகையைத் திறந்தார். உள்ளே தகரத்தின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர்.

இரண்டே இரண்டு சொட்டு!

மறுநாள் பார்த்தால் இடதுபக்கம் வெளித் தகரம் மட்டும்தான், உள்சுவரே இல்லை. பலகை, பஞ்சு, கம்பி எல்லாம் முற்றத்தில் கிடந்தன. வெண்டலின் ஸ்டுட்கார்ட்டில் நடக்கும் கேரவன் கண்காட்சிக்கு ரயில் ஏறிவிட்டார். ஈரப்பதத்தைப் பற்றி அங்கே மூன்று நாள் உரை இருக்கிறதாம்.

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் வெண்டலின். ஒரு கையில் கண்காட்சியில் வாங்கிய துணிப்பை; இன்னொரு கையில் ஒரு துண்டுச் சீட்டு.

"என் வேனைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கய்யா!"

"யாரு, திருடனா?"

"திருடனா இருந்தா கவலையே இல்ல. ரோஸ்வித்தா! வியாழக்கிழமையே போயிருக்கா!"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'மலையில் இருக்கிறேன். வருவதானால் உன் பூட்ஸையும் சறுக்குப் பலகையையும் எடுத்துக்கொண்டு வா.' இடத்தின் பெயரும் கீழே இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில். ஒரு மணி நேரத் தூரம்.

என் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் வெண்டலின் வாய் மூடவில்லை. "ஹேண்ட்பிரேக் போட்டிருப்பா. உறைஞ்சு பிடிச்சிக்கும். கியர்ல விட்டுக் கட்டை வைக்கணும்னு அவளுக்குத் தெரியாது. ஹீட்டர் புகைக்குழாய் அடியில இருக்கு, பனி மூடியிருந்தா? தண்ணிக் குழாய் இடதுசுவர்லதான் போகுது, சுவரே கிடையாது! டேய், இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓட்டுடா!"

"வெண்டலின், அவ முப்பது வருஷமா பிள்ளைங்கள பஸ்ல ஏத்திக்கிட்டு இதே பனிக்குத்தான் போயிட்டு வர்றா."

"அது பஸ்," என்றார். "இது வேன்."

நான் ஓட்டினேன்.

லிஃப்ட் அடிவாரத்தில், வாகன நிறுத்தத்தின் கடைசி வரிசையில் மஞ்சள் வேன் நின்றது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தள்ளிச் சுத்தமாக வைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் ஆவியும் பருப்பு சூப் வாசனையும் ஈரக் காலுறை நாற்றமும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. இல்லாத சுவருக்குப் பழைய மெத்தை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். ரோஸ்வித்தா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கன்னம் வெயிலில் சிவந்திருந்தது. எதிரே பக்கத்து வண்டிக்காரர் செவரின். பேக்கரி நடத்தி ஓய்வு பெற்றவர். தன் பழைய ரொட்டி வேனிலேயே பதினோரு வருடமாக இங்கே வந்து தங்குகிறார்.

"வந்துட்டியா?" என்றாள். "சூப் குடி."

வெண்டலின் சூப்பைப் பார்க்கவே இல்லை. அவர் கண் போன இடம் ஜன்னல். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஈரப்பதம்!" என்றார், பாம்பைக் கண்டவர் போல.

ரோஸ்வித்தா பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து ஜன்னலை ஒரு இழு இழுத்தாள். பிழிந்தாள். கொடியில் போட்டாள். "காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. குழாய் உறைஞ்சுதான் போச்சு. லிஃப்ட் ஆபீஸ்ல வாளியில புடிச்சிட்டு வந்தேன். வேற என்ன வேணும்?"

வெண்டலின் செவரின் பக்கம் திரும்பினார். தொழில் தெரிந்த ஒருவராவது துணைக்கு வருவார் என்று ஒரு நம்பிக்கை. "குளிருக்கு நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

"கம்பளிச் சட்டை."

"இல்லைங்க, வேனுக்கு."

"வேனுக்கு எதுக்கு? எனக்குத்தானே குளிருது?"

நான் சூப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ரோஸ்வித்தா எழுந்தாள். எழும்போது முட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், வெண்டலினும் பார்த்தார். "மணி ரெண்டே முக்கால். மூணரைக்குக் கடைசி லிஃப்ட். காலைலேர்ந்து நாலு தடவை இறங்கிட்டேன். இன்னும் ஒரு தடவைக்கு இது தாங்கும். அதை உனக்குன்னு வச்சிருக்கேன். வர்றியா?"

வெண்டலின் வாயைத் திறந்தார். எனக்குப் பயம், அந்தப் பழைய பல்லவிதான் வரப்போகிறது என்று. ஆனால் மனிதர் வாயை மூடிக்கொண்டு, என் காரிலிருந்து பூட்ஸை எடுத்து வந்து படியில் உட்கார்ந்து மாட்டினார். ஒரு கீறல் இல்லாத பூட்ஸ். கொக்கிகளை இறுக்கினார். எழுந்து ஓர் அடி வைத்தார்.

படார்!

குதிகால் பக்கம் இரண்டாகப் பிளந்தது. இன்னோர் அடி. கணுக்கால் கழன்று, முட்டை ஓடு மாதிரி தூள்தூளாகப் பனியில் சிதறியது. அந்தப் பிளாஸ்டிக்குக்கு வயதாகும். போட்டாலும் ஆகும், போடாவிட்டாலும் ஆகும். வெண்டலின் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசும்மா இது. போட்டதே இல்லையே."

"வாங்கிப் பதிமூணு வருஷம்," என்றாள் ரோஸ்வித்தா. அவள் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, தோள்மேல் கை போட்டாள். அந்த ஆறு வருடத்தில் அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் அந்தக் கையில் இருந்தது என்று நினைக்கிறேன். வெண்டலினின் மூக்கு சிவந்தது. குளிர்தான் என்று வைத்துக்கொள்வோம்.

செவரின் தன் வேனுக்குப் போய் ஒரு சிவப்பு பூட்ஸைக் கொண்டுவந்தார். உள்ளே இன்னும் ஈரம். ஒரு அளவு பெரிசு. வாசனையைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. "போட்டுக்கப்பா. ரெண்டு காலுறை மாட்டிக்கோ," என்றார்.

வெண்டலின் போட்டுக்கொண்டார். மூன்று இருபத்தைந்துக்கு இருவரும் லிஃப்டில் உட்கார்ந்து மேலே போவதை நான் கீழேயிருந்து பார்த்தேன்.

இறங்கி வந்ததையும் சொல்ல வேண்டுமே! ரோஸ்வித்தா முன்னால் வந்தாள், அவசரமில்லாமல், பெரிய பெரிய வளைவுகளாக, கோலத்துக்கு இழை இழுக்கிற கை மாதிரி. பின்னால் வெண்டலின், மாடிப்படியில் உருட்டிவிட்ட பீரோ மாதிரி. என் கணக்குக்கு மூன்று தடவை விழுந்தார். மரங்களுக்குப் பின்னால் விழுந்தது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவள் நின்று காத்திருந்தாள். அடிவாரத்துக்கு வந்தபோது மனிதருக்குக் காலருக்குள், காதுக்குள், புருவத்தின்மேல் எல்லாம் பனி. மூச்சு வாங்கியது.

"சத்தம்," என்றார். "பலகைக்கு அடியில பனி போடுமே ஒரு சத்தம். மறந்தே போயிட்டேன், ரோஸ்வித்தா."

பிறகு லிஃப்டைத் திரும்பிப் பார்த்தார். அது நின்றுவிட்டிருந்தது.

"இன்னும் ஒரு தடவை போக முடியாதா?"

"நாளைக்கு," என்றாள் அவள். "முட்டி சம்மதிச்சா."

நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். அவர்கள் புதன்கிழமைதான் வந்தார்கள். வெண்டலின் இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் முதல்முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பு எடுத்தார். முட்டி அந்த நாலு நாளில் இரண்டு நாள்தான் சம்மதித்தது. மற்ற நாள்களில் இருவரும் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களுக்கு மதிப்பெண் போட்டார்களாம்.

மார்ச்சில் அறுவை நடந்தது. நன்றாகவே நடந்தது. ஆனால் மருத்துவர் பழைய வேகத்தை மறந்துவிடச் சொல்லிவிட்டார். இந்தக் குளிர்காலம் ரோஸ்வித்தா குழந்தைகள் பழகுகிற சரிவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இறங்குகிறாள்; மூன்றாவது தடவை கிடையாது. பெரிய சரிவில் அவர்கள் சேர்ந்து இறங்கியது மொத்தமே அந்த ஜனவரியில் மூன்று தடவைதான். அதற்கு முந்தைய ஐந்து குளிர்காலங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வெண்டலினுக்கு அது தெரியும். இப்போதெல்லாம் எடைமேடை இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்.

அதற்காக ஆள் மாறிவிட்டார் என்று நினைத்தீர்களா? வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ரோஸ்வித்தா எஞ்சினைக் கிளப்புவாள். வெண்டலின் கையில் திருப்புளியோடு ஓடிவந்து தொற்றிக்கொள்வார். போகிற வழியிலேயே எதையாவது கழற்றுவார். அவள் ஓட்டிக்கொண்டே இருப்பாள். ஆயத்தப் பேர்வழியைத் திருத்த முடியாது. ஏற்றிக்கொண்டு போகத்தான் முடியும்.

இதைப் படித்துக்கொண்டே உங்களுக்குத் தெரிந்த நாலு பேரை நினைத்துச் சிரித்திருப்பீர்கள். நல்லது. போகிறபோக்கில் உங்களையும் ஒன்று கேட்டுவிடுகிறேன். "அடுத்த மாசம் கட்டாயம் வர்றேன்" என்று யாருக்காவது சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறீர்களா? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், இந்த மழை நிற்கட்டும், கொஞ்சம் உடம்பு இளைக்கட்டும் என்று? ஒருவர் பெயர் மனசில் வந்ததா? அப்படியானால் போனை எடுத்து, வருகிற தேதியைச் சொல்லுங்கள்.

என்னது, இதைப் படித்து முடித்துவிட்டுச் சொல்கிறீர்களா?

முடிந்துவிட்டதே. இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?