மலையோடு வந்த சிப்பாய்

தையல்காரர் ஒரு வேளைச் சோறில்லாமல் இருந்துவிடுவார். மச்சான் இல்லாமல் முடியாது. ஞாயிறுதோறும் வெட்டுமேசையில் பலகையை விரித்துப் பொம்மைப் படைகளை மோதவிட அவரை விட்டால் வேறு ஆளில்லை. 'இந்த வயசில் போர் விளையாட்டா?' என்று மற்றவர்களெல்லாம் நழுவிவிட்டார்கள்.

அந்த மச்சான்தான் தன் தங்கையிடம், அதாவது தையல்காரரின் மனைவியிடம், சொல்லி அனுப்பியிருந்தார்: கண் சரியில்லாதவர்களும் ஆடுகிற மாதிரி விளையாட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இனி வரமாட்டார்.

தையல்காரருக்குச் சுருக்கென்றது. மச்சானுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. விரலால் தடவித் தடவியே வாராவாரம் ஜெயிக்கிற மனுஷன், உள்ளுக்குள் எவ்வளவு அவஸ்தைப்பட்டாரோ! போன வாரம்கூட அவர்தான் ஜெயித்தார். பாழாய்ப்போன பல்பு மங்கலாக எரிந்ததால் படைகளின் பெயர் எழுதிய அட்டையைத் தப்பாகப் படித்து, தையல்காரர் தம் குதிரைப்படையைத் தாமே சுட்டுவிட்டார், அது வேறு கதை.

வழக்கம்போல மனைவியிடம் ஊசியில் நூல் கோத்து வாங்கிக்கொண்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவளை ரகசியம் என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். தடவினால் தெரியட்டும் என்று ஆற்றுக்குப் பட்டும் மலைக்கு வெல்வெட்டும் வைத்துத் தைத்தார். வெல்வெட்டில் ஒரு சிப்பாயும் நிற்கவில்லை. ஒவ்வொருவன் காலடியிலும் பிரஸ் பட்டன் வைத்தார். யார் நகர்கிறார்கள் என்று காதில் விழ வேண்டாமா? கழுத்தில் குட்டி மணி கட்டினார். ஃபேனைப் போட்டால் இரண்டு படையும் சேர்ந்து ஒலித்தன.

ஞாயிறு வந்தது. பலகையைத் தடவிய மச்சானின் முகம் போன போக்கே சரியில்லை.

"மாப்ள, இங்க ஒரு பாலம் இருந்துச்சே?"

"வெல்வெட்டுக்கு அடியில இருக்கு மச்சான்."

மச்சான் ஒரு சிப்பாயை இழுத்தார். பட்டன் விடவில்லை, மலையே கையோடு வந்தது. தையல்காரர் தாவிப் பிடித்ததில் மேசை சாய்ந்து, மொத்தப் படையும் கணகணவென்று கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு ஆடுவேனே," என்றார் மச்சான், அழாத குறையாக. "ஆத்தையும் மலையையும் யாரு மாப்ள மாத்தச் சொன்னா?"

"நீங்கதானே மச்சான், கண்ணு சரியில்லாதவங்களும் ஆடணும்னு..."

சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, உருண்டு வந்த பீரங்கியைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணன் தனக்காகவா கேட்டாரு? சொந்தக் குதிரையையே சுடுற ஆளை ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துப்போச்சாம். நீங்கதான் கண்ணாடி போடமாட்டேங்கறீங்களே, அட்டையில எழுத்தையாவது பெருசா எழுதச் சொன்னாரு."