அணுச் செம்மலின் காலுறை

'அணுச் செம்மல்' என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட வைத்தியர் கடை விரித்து மூன்றே வாரம். அதற்குள் பக்கத்து மருந்துக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "ஒவ்வொரு அணுவிலும் புரோட்டானும் எலக்ட்ரானும் சரிக்குச் சரி இருக்கணும். தவறினா நோய்!" என்றார் செம்மல். முதல் பாதி பள்ளிப் புத்தகத்தில் உள்ளதுதான். வாசலில் வரிசை நின்றதென்னவோ மறுபாதிக்கு.

வரிசையில் ஒரு பஸ் டிரைவர், அவரை முறைத்தபடி அவர் மனைவி. அவளுக்கு நைலான் நூல் ஆலையில் வேலை. டிரைவர் போன வாரம் இங்கே செம்புக் காப்பு மாட்டிக்கொண்டதோடு ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டார். நேற்று படியேறும்போது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதால், மறுபடி சமநிலை பார்க்க வந்திருந்தார். அதிலிருந்து அவள் அவருடைய மாத்திரையைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள்.

"மாத்திரை புரோட்டானைக் கூட்டிடுமாம்," என்றார் டிரைவர்.

"உங்க செம்மல் எண்ணிப் பார்த்தாராக்கும்?"

உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டும். சுத்தத்துக்காக நைலான் காலுறை தருவார்கள். அதோடு ஏசி அறையில், பாலியஸ்டர் விரிப்பின் மேல் காலைத் தேய்த்தபடி ஏழு சுற்று. பிறகு பித்தளைக் கைப்பிடியைத் தொட்டால் பட்டென்று பொறி! "பார்த்தீங்களா, சமநிலை போச்சு!" காப்பு மாட்டி, காலுறையைக் கழற்றி, வெறுந்தரையில் நடந்து வந்து தொட்டால் பொறி வராது. குணமாகிவிட்டதாம்! ஒரே கைதட்டல். செம்மல் மட்டும் விரிப்பை மிதிக்காமல் ஓரமாகவே நடப்பார். அணுவை வென்றவர் அல்லவா!

உள்ளே இதைப் பார்த்த டிரைவர் மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆலையில் நூல் உரசி உரசி, தொட்ட இடமெல்லாம் சுரீர் என்னும். அதற்குத் தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். யாரும் காப்பு மாட்டுவதில்லை.

"ஏங்க, கையில காப்பு இருக்குல்ல? காலுறையோட சுத்திட்டு வந்து தொடுங்க."

டிரைவர் சுற்றினார். தொட்டார். "ஆ!"

"நம்பிக்கை குறைஞ்சிருக்கு," என்றார் செம்மல்.

"அப்போ குறையாத நீங்க சுத்துங்க."

"சுத்துங்க ஐயா, அந்தம்மா வாயை அடைங்க!" என்றது கூட்டம், பக்தியோடுதான். தப்ப வழியில்லை. இரண்டு கையிலும் பத்துக் காப்போடு செம்மல் சுற்றினார். கைப்பிடியைத் தொட்டவர் ஒரு முழம் எகிறினார்.

அவள் மேஜையிலிருந்த ஜாடித் தண்ணீரை விரிப்பில் தெளித்தாள். கணவனின் காப்பைக் கழற்றிவிட்டு அதே காலுறையோடு மறுபடி நடக்கச் சொன்னாள். தொட்டார். பொறியும் இல்லை, புகையும் இல்லை.

"உரசினா எலக்ட்ரான் ஒன்னுலேர்ந்து இன்னொன்னுக்குத் தாவும். தொட்டா சரியாயிடும். இதுக்கு எதுக்குய்யா வைத்தியம்?"

செம்மல் விரிப்பின் நனையாத பக்கமாகக் காலை இழுத்தபடி பின்வாசலைத் தேடினார், காலுறையோடு. அந்தக் கைப்பிடியும் பித்தளைதான். "ஆ!" என்ற சத்தம் வாசல்வரை கேட்டது.

டிரைவர் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். ஜாடியில் மிச்சமிருந்த தண்ணீரில் விழுங்கினார்.

இப்படி யாராவது செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், பரவாயில்லை. மூளையையும் அதோடு வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.