திங்கட்கிழமை அஜந்தா

புரோகிராம் சாரைப் போல என்னிடம் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்த மனிதர் தில்லியில் வேறு யாரும் இல்லை. இன்று நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

கரோல் பாக்கில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர், திருநெல்வேலிக்காரர், கல்யாணம் ஆகாதவர். தெருவில் எந்தத் தமிழ்க் குடும்பம் ஊர் சுற்றக் கிளம்பினாலும், கேட்காமலே ஃபைலோடு வந்து உட்கார்ந்து பயணத் திட்டம் எழுதுவார். புரோகிராம் சார் என்ற பெயர் அதனால் வந்ததுதான். ஆக்ரா போன ஒரு வீட்டுக்குத் தாஜ்மஹாலைப் பார்க்க ஏழு நிமிடம் கொடுத்தார். "எட்டாவது நிமிஷம் என்னத்தவே புதுசா தெரியப் போவுது?"

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் முறை வந்தது. என்னைப் போன்ற அரசு ஊழியனுக்கு, அரசுச் செலவில் நாட்டின் எந்த மூலைக்கும் போகும் சலுகை நான்கு வருடத்துக்கு ஒரு தடவைதான். என் மனைவி சுசீலா பள்ளியில் சித்திர டீச்சர். பதினோரு வருடமாக அஜந்தா ஓவியங்களைப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிக்கொடுத்தவள். அவளுக்கு அஜந்தா. எனக்கு, வெளியே சொல்லவில்லை, நாசிக் ஒயின் எப்படி இருக்கும் என்று ஒரு சபலம்.

அதையும் எப்படியோ மோப்பம் பிடித்துத் திட்டத்தில் எழுதியிருந்தார். 'நாசிக்கில் காலைப் பலகாரம் மிசல் பாவ்: காரம் அதிகம், பக்கத்தில் கழிப்பறை உண்டு. ஒயின் ருசித்தல்: மூன்று நிமிடம், ஒரு மடக்கு, மனைவியின் சம்மதத்தோடு.' கீழே கையெழுத்துக்கு இடம் வேறு. சுசீலா சிரித்துக்கொண்டே போட்டாள்.

"உமக்கு வாய் கிடையாது. ஆட்டோக்காரன் ஏமாத்திருவான். நானும் வாரேன்" என்று டிக்கெட்டும் எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அஜந்தா வாசலில் இறங்கினோம். கதவு பூட்டியிருந்தது.

"ஸோம்வார் கோ பந்த் ஹை, சாப்" என்றார் காவலர்.

வாராவாரம் திங்கள் விடுமுறையாம். ரயில் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்பவர் இதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது ஒன்றுதான்: அந்தத் திங்கள் அரசு விடுமுறை, அன்றைக்கு அஜந்தா வைத்தால் எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம்.

சுசீலா படியில் உட்கார்ந்தாள். இல்லாத என் வாய் அன்று திறந்தது.

"ஒரு நாள் லீவுக்காக இவளோட பதினோரு வருஷத்தைக் கெடுத்துட்டீங்களே சார். நீங்களெல்லாம் ஒரு மனுஷனா?"

அவர் ஃபைலைத் திறந்து நாசிக், ஒயின், திரும்பும் ரயில் எல்லாவற்றின் மேலும் கோடு கிழித்தார். பிறகு டெலிபோன் பூத்துக்குப் போய் என் அதிகாரியை வீட்டில் பிடித்து, "அவரு மேல தப்பில்ல சார், எல்லாம் என் புத்தி கெட்ட வேலை" என்று கெஞ்சி லீவை நீட்டித்தார்.

மறுநாள் முதல் குகையில், தாமரை ஏந்திய போதிசத்துவர் முன் சுசீலா நின்றாள். அடுத்த கும்பலுக்காகக் காவலர் எல்லாரையும் வெளியேற்ற, சார் குறுக்கே கையை விரித்தார்.

"பையா, ஏ டீச்சர் ஹை. தேக்னே தோ."

என்னிடம் திரும்பி, "நீரு சும்மா நில்லும்வே. அவங்க பாக்கட்டும்" என்றார்.

ஒயினை நான் இன்றுவரை ருசித்ததில்லை. அந்தக் கோபம் அப்படியேதான் இருக்கிறது. தில்லி திரும்பியதும் சுசீலா அந்த போதிசத்துவரை வரைந்தாள். மேல்மாடிக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். நல்ல தேக்குச் சட்டமாகப் பார்த்துப் போட்டு, எடுத்துக்கொண்டு மாடி ஏறியது நான்தான்.